அடைக்குக் கிடக்கும் ஊர்க்கோழி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளவுக்குள் நாலைந்து ஊர்க்கோழி வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. குளிர்நாட்டுக் குறிப்புகளைப் படித்தால் முட்டை ஆறிப்போகாமல் காப்பதைப் பற்றித்தான் நிறைய இருக்கும். யாழ்ப்பாணத்தில் முட்டை வெந்துபோகாமல் காப்பதுதான் பெரிய வேலை. அதை மனதில் வைத்தே இங்குள்ள பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

கோழி அடைக்கு வந்துவிட்டது என்று எப்படித் தெரியும்?

முட்டையிட்ட பிறகும் கூட்டை விட்டு இறங்காது. கையைக் கொண்டுபோனால் சிலிர்த்துக்கொண்டு செட்டையை விரிக்கும், சத்தம் போடும், கொத்தும். இறங்கி நடக்கும்போது தொண்டைக்குள் ‘கொக், கொக்’ என்று விட்டுவிட்டு ஒலிக்கும். நெஞ்சுப் பக்கத்து இறகு குறைந்து தோல் வெறுமையாகத் தெரியும், தொட்டால் சுடும். அந்த வெறுந்தோல்தான் முட்டைக்குச் சூடு கொடுக்கும் இடம். கொண்டை சிறுத்து நிறம் மங்கும். எச்சத்தை நாள் முழுக்க அடக்கி வைத்து, இறங்கும்போது ஒரேயடியாகப் பெரிய உருண்டையாகக் கடும் நாற்றத்துடன் போடும். இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அடைக்கோழியின் எச்சம் அப்படித்தான்.

நம்பத்தக்க சோதனை இரவில்தான். மற்றக் கோழிகள் கொப்பில் ஏறிய பிறகும் இது முட்டைக்கூட்டிலேயே கிடந்தால், அதுவும் இரண்டு இரவு தொடர்ந்து கிடந்தால், அடை உறுதி. பகலில் மட்டும் நெடுநேரம் கிடப்பதை வைத்து முட்டை வைத்துவிடாதீர்கள். நாலாம் நாள் எழும்பிப் போய்விடும்.

சுகமில்லாத கோழியும் இப்படித்தானே தூங்கிக் கிடக்கும்?

தூக்கி முற்றத்தில் விட்டுப் பாருங்கள். அடைக்கோழி கோபத்தோடு உடம்பைச் சிலுப்பி, எச்சமிட்டு, அவசரம் அவசரமாகத் தீனும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கூட்டுக்கே திரும்பும். நோய்க்கோழி விட்ட இடத்திலேயே கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு கண்ணை மூடும். பச்சையாகவோ வெள்ளையாகவோ தண்ணீர்க் கழிச்சல், மூச்சிழுப்பு, கழுத்துத் திருகல் இருந்தால் அது அடையல்ல. உடனே மற்றக் கோழிகளிடமிருந்து பிரித்துவிட்டு, உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

பண்ணைக்கோழி ஏன் அடைக்குக் கிடப்பதில்லை?

அடைக்குக் கிடக்க வைப்பது மூளைக்கு அடியிலுள்ள சுரப்பியிலிருந்து வரும் புரோலாக்ரின் என்ற ஓமோன். அது கூடும்போது முட்டையிடுவது நின்றுவிடும். முட்டைக்காக வளர்க்கப்படும் இனங்களில் அடைக்குப் போகாத கோழிகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து, அந்தக் குணத்தைக் குறைத்துவிட்டார்கள். ஊர்க்கோழியிடம் அது முழுசாக இருக்கிறது. ஊர்க்கோழி ஆண்டுக்கு முட்டை குறைவாக இடுவதற்கும் இதுவே பெரிய காரணம்: பத்துப் பதினைந்து முட்டை இடும், மூன்று கிழமை கிடக்கும், பிறகு இரண்டு மாதம் குஞ்சோடு திரியும்.

அடை வைப்பதா, தெளிய வைப்பதா?

முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்க விடுவதா, அடைக்குணத்தை மாற்றித் தெளிய வைப்பதா என்று அடை உறுதியான அன்றே முடிவெடுங்கள். முட்டையும் வைக்காமல், தெளியவும் வைக்காமல், “கிடந்துவிட்டுப் போகட்டும்” என்று வெறுங்கூட்டில் விடுவதுதான் கோழிக்குச் செய்யும் பெரிய கெடுதல். குஞ்சு பொரிக்க 21 நாள் என்ற கணக்கு அதற்குத் தெரியாது. குஞ்சின் சத்தம் கேட்கும்வரை ஐந்து ஆறு கிழமைகூடக் கிடக்கும். அதற்குள் நெஞ்செலும்பு கத்திபோல் தெரிய மெலிந்து, செள்ளு என்ற இரத்தம் குடிக்கும் சிறு பூச்சி பிடித்து, பிறகு மாதக்கணக்கில் முட்டையிடாமல் நிற்கும்.

கோழி கொழுமையாக இருக்கிறது, சேவலோடு திரிந்த கோழிகளின் புது முட்டை இருக்கிறது, நிழலான இடம் இருக்கிறது என்றால் வையுங்கள். தை, மாசி, பங்குனி மிக நல்ல காலம்: மாரி ஓய்ந்து தரை காய்ந்திருக்கும், வெக்கை இன்னும் ஏறியிருக்காது, குஞ்சுக்குப் புல்லும் பூச்சியும் கிடைக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொரிக்கும் குஞ்சுகளைக் காப்பாற்றுவது கடினம். மெலிந்த கோழி, போன அடை முடிந்து மூன்று மாதமாகாத கோழி, செதில் தூக்கிய காலுள்ள கோழி ஆகியவற்றைத் தெளிய வைப்பதே நல்லது.

எப்படித் தெளிய வைப்பது?

நெஞ்சுக்கடியில் காற்றுப் போக வேண்டும், அவ்வளவுதான். அரை அங்குலக் கம்பிவலையை அடித்தளமாக வைத்த ஒரு கூடு செய்யுங்கள். இரண்டடி நீளம், ஒன்றரையடி அகலம் போதும். அதைக் கல்லின் மேல் ஒரு அடி உயர்த்தி, மர நிழலில், மற்றக் கோழிகள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். உள்ளே வைக்கோலோ சாக்கோ போடக்கூடாது. தண்ணீரும் வழக்கமான தீனும் எப்போதும் இருக்க வேண்டும். இரவில் கீரியும் மரநாயும் எட்டாதபடி உள்ளே எடுத்து வையுங்கள், ஆனால் கூட்டைத் திறந்து பழைய முட்டைக்கூட்டுக்குப் போகவிடாதீர்கள்.

முதல் இரண்டு நாளில் பிடித்துப் போட்ட கோழி பெரும்பாலும் மூன்று நாளில் தெளியும். ஒரு கிழமை கிடந்துவிட்ட பிறகு தொடங்கினால் ஐந்து ஆறு நாளும் ஆகலாம். வெளியே விட்டதும் நேரே பழைய இடத்துக்கு ஓடினால் இன்னும் தெளியவில்லை. திரும்பவும் இரண்டு நாள். மற்றவற்றோடு கிளறித் திரிந்து, பொழுதுபட கொப்பில் ஏறினால் தெளிந்துவிட்டது. அதன் பிறகு இரண்டு கிழமையளவில் மீண்டும் முட்டையிடத் தொடங்கும்.

மூக்கில் இறகு குத்துவது, தண்ணீரில் அமுக்குவது சரியா?

வேண்டாம். மூக்குத் துவாரத்தில் இறகைச் செருகினால் புண் வந்து சீழ் பிடிக்கும், மூச்சு அடைபடும். கிணற்றுத் தண்ணீரில் அமுக்கினால் கோழி பயத்தில் கொஞ்ச நேரம் எழும்பி நிற்கும். இறகு காய்ந்ததும் திரும்பப் போய்க் கிடக்கும். பட்டினி போடுவதும் இப்படித்தான். ஏற்கனவே அரை வயிற்றோடு கிடக்கும் உயிரை இன்னும் வாட்டுவதில் ஒரு பயனும் இல்லை. கம்பிவலைக் கூடு நோகாமல் அதே வேலையைச் செய்கிறது.

எத்தனை முட்டை வைக்கலாம்? கடை முட்டை பொரிக்குமா?

ஒன்பது, பதினொன்று, பதின்மூன்று என்று ஒற்றைப்படையாக வைப்பது வழக்கம். ஒற்றை இரட்டையில் பொரிப்பு மாறாது. கோழியின் அளவுதான் முக்கியம். வைத்த பிறகு முன்னாலும் பக்கத்திலும் பாருங்கள், ஒரு முட்டைகூட இறகுக்கு வெளியே தெரியக்கூடாது. சிறிய ஊர்க்கோழிக்கு 8 அல்லது 9, பெரியதற்கு 11 அல்லது 12. கூட வைத்தால் விளிம்பில் கிடப்பது மட்டும் கெடும் என்று நினைக்க வேண்டாம். கோழி முட்டைகளை நாள் முழுக்கப் புரட்டி இடம் மாற்றுவதால் ஒவ்வொன்றும் முறை வைத்து விளிம்புக்கு வந்து ஆறும்; முழு அடையும் பாதிக்கப்படும்.

கடையில் விற்கும் பண்ணை முட்டை சேவலில்லாத கோழி இட்டது, பொரிக்காது. எட்டுப் பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் இருந்தால் போதும். சேவலைப் பிரித்த பிறகும் பத்து நாள்வரை வரும் முட்டைகளில் கரு இருக்கும். நடுத்தர அளவான, ஓடு ஒப்பரவான, சுத்தமான முட்டைகளைத் தெரிந்தெடுங்கள். மிகப் பெரிய முட்டையில் இரட்டைக்கரு இருக்கலாம். அது பொரிப்பது அரிது. முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று இருக்கிறது. அது போனால் ஓட்டின் நுண்துளைகள் வழியே கிருமி உள்ளே போகும். இலேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடையுங்கள், அழுக்கு மிஞ்சிய முட்டையைச் சமையலுக்கு எடுங்கள்.

எல்லா முட்டைகளையும் ஒரே பின்னேரத்தில் வையுங்கள். இன்று ஐந்து, நாளை மூன்று என்று வைத்தால் முதல் குஞ்சுகளோடு தாய் எழும்பிவிடும். பிந்திய முட்டைகள் முழுக்குஞ்சோடு செத்துப்போகும்.

வெயில் காலத்தில் முட்டை சேர்த்து வைத்தால் ஏன் பாதி பொரிப்பதில்லை?

கருவுள்ள முட்டை ஏறத்தாழ 21 பாகை செல்சியசுக்கு மேல் போனால் கரு மெல்ல மெல்ல அசையத் தொடங்கும். சரியான வளர்ச்சிக்கு வேண்டியது 37.5 பாகையளவு. எங்கள் வீட்டு அறைகளில் வைகாசியிலிருந்து ஆவணிவரை 30 பாகை சாதாரணம். அடைக்கு வைக்கும் முன்பே கரு அரைகுறையாக வளர்ந்து, களைத்து, செத்துவிடுகிறது. குளிர்சாதனப் பெட்டி மறுபக்கத்துப் பிழை, அங்கே 4 பாகையளவு குளிர்.

அகன்ற சட்டியில் மணல் நிரப்பி நனைத்து, அதற்குள் ஒரு சிறிய மண்பானையைப் பாதிவரை புதையுங்கள். பானைக்குள் உமி போட்டு முட்டைகளைக் கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, பருத்தித் துணியால் மூடுங்கள். காற்றோட்டமான நிழலில் வைத்து, மணலுக்கு விடியவும் பின்னேரமும் தண்ணீர் தெளியுங்கள். பானைக்குள் ஈரம் போகக்கூடாது. இப்படி வைத்தாலும் வெயில் காலத்தில் ஐந்து நாளுக்கு மேல் வேண்டாம். தை மாதக் குளிரில் ஒரு கிழமை தாங்கும். ஒவ்வொரு முட்டையிலும் இட்ட திகதியைப் பென்சிலால் எழுதுங்கள். மை வேண்டாம்.

அடைக்கூடு எங்கே, எப்படி அமைப்பது?

இடம்தான் பாதி வெற்றி. தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் நின்று பாருங்கள்; உங்களால் பத்து நிமிடம் நிற்க முடியாத இடத்தில் கோழி 21 நாள் கிடக்க முடியாது. முட்டை ஒரு மணிநேரம் ஆறினாலும் பிழைக்கும். ஆனால் 40 பாகைக்கு மேல் சில மணிநேரம் சூடேறினால் கரு செத்துவிடும். வாயைத் திறந்து இளைத்துக்கொண்டு முட்டை மேல் எழும்பி நிற்கும் கோழி, சூடு மிஞ்சிவிட்டது என்றுதான் சொல்கிறது. கிடுகுக் கொட்டில், குசினிக்குப் பின்னாலுள்ள தாழ்வாரம், பூவரசு நிழல் படும் கூடு எல்லாம் நல்ல இடங்கள். தகரம்தான் இருக்கிறது என்றால் மேலே கிடுகோ பனையோலையோ இரண்டு படை போடுங்கள்.

பழைய கடகம் ஒன்று எடுங்கள். வாய் 35 முதல் 40 சென்ரிமீற்றர், ஆழம் ஒரு சாணுக்கு மேல் வேண்டாம். ஆழமான பெட்டியில் கோழி மேலிருந்து குதித்து முட்டையை உடைக்கும். அடியில் நாலு விரல் உயரத்துக்கு மண்ணோ மணலோ போட்டு, கையால் அமுக்கி நடுவில் தட்டையான குழி செய்யுங்கள். குழி மிகக் கூர்மையாக இருந்தால் முட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். முழுத் தட்டையாக இருந்தால் உருண்டு போகும். மண் மேல் ஒரு பிடி அடுப்புச் சாம்பல், நிழலில் உலர்த்திய வேப்பிலை, அதன்மேல் முறித்துப் பிசைந்த வைக்கோல். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் கூடவே கூடாது, முட்டையையும் குஞ்சின் நுரையீரலையும் கெடுக்கும்.

கோழி வேறிடத்தில் கிடக்கிறதென்றால் இரவில் மாற்றுங்கள். முதலில் இரண்டு வீண் முட்டைகளைப் புதுக் கூட்டில் வைத்து, இருட்டில் கோழியைத் தூக்கி அதன்மேல் மெதுவாக விட்டு, கரப்பால் (கவிழ்த்து மூடும் பின்னல் கூடையால்) மூடுங்கள். அடுத்த நாள் முழுக்க அமைதியாகக் கிடந்தால் இரவில் நல்ல முட்டைகளை மாற்றி வைக்கலாம்.

மற்றக் கோழிகள் அதே கூட்டில் வந்து முட்டையிடுகின்றனவே?

அடைக்கூட்டைத் தனியாக மறையுங்கள். முடியாவிட்டால் வைத்த முட்டைகள் எல்லாவற்றிலும் பென்சிலால் வட்டம் கீறிவிட்டு, தாய் இறங்கும் நேரத்தில் அடையாளமில்லாத முட்டைகளை நாள்தோறும் எடுங்கள்.

கிடக்கும் கோழிக்கு என்ன தீன்? இறக்கிவிட வேண்டுமா?

நெல், உடைத்த சோளம், குரக்கன் போன்ற தானியம் ஒரு கைப்பிடி நிறைய. முட்டையிடாத காலத்தில் லேயர் மாஷ் (முட்டையிடும் கோழிக்கான தீன்) தேவையில்லை; தவிட்டுக் குழையல் கழிச்சலைக் கொடுத்து முட்டையை அழுக்காக்கும். கூட்டிலிருந்து நாலைந்தடி தள்ளித் தீனும் தண்ணீரும் வையுங்கள். வாய்க்குக் கிட்டே வைத்தால் எழும்பாமலே தின்று, கூட்டிலேயே எச்சமிடும். தண்ணீர்ப் பாத்திரம் எப்போதும் நிழலில் இருக்க வேண்டும்.

நல்ல தாய் நாளைக்கு ஒருமுறை தானாக இறங்கி 15 முதல் 30 நிமிடம் வெளியே நிற்கும். தின்னும், எச்சமிடும், புழுதியில் புரளும். சில கோழிகள் பிடிவாதமாகக் கிடக்கும். முதல் நாலைந்து நாள் அப்படியானால் விடியற்காலையில் நீங்களே தூக்கி விடுங்கள். தூக்கும்முன் செட்டைக்குள் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் விழுந்து உடையும். 18ஆம் நாளுக்குப் பிறகு தூக்க வேண்டாம்.

முட்டையில் குஞ்சு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஏழாம் எட்டாம் நாள் இரவு, கடதாசி மட்டையில் முட்டையைவிடச் சிறிய ஓட்டை வெட்டி, கைபேசி ரோச் லைற்றின் மேல் வைத்து, முட்டையின் அகன்ற பக்கத்தை அதில் பொருத்திப் பாருங்கள். நடுவில் கறுப்புப் புள்ளியும் சுற்றிச் சிலந்திபோல் இரத்த நரம்புகளும் தெரிந்தால் உயிருள்ள கரு. முழுக்கத் தெளிவாக மஞ்சளாக இருந்தால் கருவில்லாத முட்டை. நரம்பில்லாமல் ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடக்கத்திலேயே செத்துவிட்டது. 14ஆம் நாள் திரும்பப் பாருங்கள்: பெரும்பகுதி இருண்டு, அகன்ற பக்கத்தில் காற்றறை வெளிச்சமாக இருக்க வேண்டும். உள்ளே கலங்கித் தளம்புவது கூழ்முட்டை. அதை மெதுவாக எடுத்துப் புதையுங்கள். வெக்கையில் அது வெடித்தால் நல்ல முட்டைகளும் கெட்டுவிடும்.

இடி இடித்தால் முட்டை கூழாகுமா?

இடிச் சத்தம் கருவைக் கொல்வதில்லை. இடிக்குக் காவலென்று கூட்டில் ஆணியும் கரியும் செத்தல் மிளகாயும் வைப்பதால் கெடுதலும் இல்லை, வைக்க விரும்பினால் வைக்கோலுக்கு அடியில் வையுங்கள். உண்மையான சேதம் இடியோடு வரும் மழையால்தான்: கூரை ஒழுகிக் கூடு நனைகிறது, தாய் வெருண்டு எழும்பி இரவு முழுக்க வெளியே நிற்கிறது. சித்திரைக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும் கிடுகை மாற்றுங்கள். அப்படி ஒரு இரவு விட்டுப்போனாலும் முட்டைகளைக் கொட்டிவிட வேண்டாம். கோழியை மீண்டும் கிடத்தி, மூன்று நாள் கழித்து ரோச் அடித்துப் பார்த்து முடிவெடுங்கள்.

பாதி அடையில் கோழி எழும்பிப் போய்விட்டது. ஏன்?

பத்தில் எட்டுத் தடவை செள்ளுத்தான். இரவில் ஒரு வெள்ளைத் துணியைக் கூட்டில் விரித்து, கொஞ்ச நேரம் கழித்து ரோச் அடியுங்கள். சிவப்பும் சாம்பலுமாகப் புள்ளிகள் ஊர்ந்தால் காரணம் கிடைத்தது. இவை இரவில் இரத்தம் குடித்துவிட்டுப் பகலில் மரவெடிப்பிலும் ஓலை மடிப்பிலும் ஒளிந்துகொள்ளும். கொண்டை வெளிறி, கோழி நிலைகொள்ளாமல் எழும்பி எழும்பி இருக்கும்.

கடகத்தையும் வைக்கோலையும் எரித்துவிட்டுப் புதிய கடகத்தில் முட்டைகளை மாற்றுங்கள். கூட்டு மரங்களுக்குக் கொதிநீர் ஊற்றி, காய்ந்ததும் சுண்ணாம்பு அடியுங்கள். கோழிக்கென்று உள்ள செள்ளுப் பவுடரைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு, சொன்ன அளவில் செட்டைக்கடியிலும் பின்பக்கத்திலும் பூசுங்கள். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அடிக்கிற மருந்து வீட்டில் இருக்கிறது என்பதற்காக அதைக் கூட்டில் தெளிக்காதீர்கள். ஓட்டின் துளை வழியே அது கருவுக்குப் போகும், கோழியும் சாகும். முற்றத்தில் மணலும் சாம்பலும் கலந்த புழுதிக்குழி ஒன்று எப்போதும் இருந்தால் பாதித் தொல்லை குறையும்.

21 நாள் ஆகிவிட்டது, இன்னும் பொரிக்கவில்லையே?

முட்டை வைத்த பின்னேரத்திலிருந்து மறுநாள் பின்னேரம்வரை ஒரு நாள் என்று எண்ணுங்கள். வெக்கையில் 20ஆம் நாளே பொரிக்கலாம். பழைய முட்டை 22 அல்லது 23க்குத் தள்ளும். 23 முடியும்வரை கை வைக்க வேண்டாம்.

ஓடு கொத்திய பிறகும் 12 முதல் 24 மணிநேரம் எடுக்கும். அந்த நேரத்தில்தான் குஞ்சு மஞ்சட்கருவின் மிச்சத்தை வயிற்றுக்குள் இழுக்கிறது, சவ்விலுள்ள இரத்தமும் உடம்புக்குள் போகிறது. நீங்கள் உரித்தால் இரத்தம் ஒழுகிக் குஞ்சு சாகும். ஒரு முழு நாள் கடந்தும் ஓட்டை பெரிதாகவில்லை, சவ்வு கடதாசிபோல் காய்ந்துவிட்டது என்றால், இளஞ்சூட்டு நீரில் தோய்த்த பஞ்சால் சவ்வை மட்டும் நனையுங்கள்; மூக்கில் படக்கூடாது. சோளகம் (தென்மேற்குக் காற்று) வரண்டு வீசும் நாட்களில் 18ஆம் நாளிலிருந்து கூட்டைச் சுற்றிய தரைக்குத் தண்ணீர் தெளித்தால் இந்தத் தொல்லை குறையும்.

தாரா முட்டை வைக்கலாமா?

வைக்கலாம். தாராவுக்கும் வான்கோழிக்கும் 28 நாள். கோழி முட்டையோடு கலந்து வைக்காதீர்கள். அந்த ஏழு நாளும் கோழிக்கு மேலதிக வேலை என்பதால் கொழுத்த கோழிக்கே வையுங்கள்; ஐந்து ஆறு முட்டை போதும்.

குஞ்சுகளுக்கு முதல் நாட்களில் என்ன கொடுப்பது?

முதல் நாள் ஒன்றும் வேண்டாம். உள்ளிழுத்த மஞ்சட்கரு இரண்டு நாளுக்குத் தாங்கும். அவசரப்பட்டுத் தீனைக் காட்டினால் தாய் மிச்ச முட்டைகளை விட்டு எழும்பிவிடும். பிறகு முதலில் தண்ணீர், தட்டையான மூடியில், நனைந்து சாகாதபடி கூழாங்கற்கள் போட்டு. தீன், குஞ்சுக்கென்ற ஸ்ரார்ட்டர். முதல் கிழமை ஒரு குஞ்சுக்கு நாளுக்கு 10 கிராமளவு. அரிசிக் குறுணி மட்டும் கொடுத்து வளர்த்தால் செட்டை தொங்கிக் கால் பலவீனப்படும், புரதம் போதாது. குறுணியோடு கறையான் கொடுங்கள்: பழைய பானையில் ஈரச் சாணமும் வைக்கோலும் அடைத்துப் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் விடிய நிறைந்திருக்கும். லேயர் மாஷில் சுண்ணாம்புச் சத்து அதிகம், குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தாய் குஞ்சுத்தீனைத் தின்றால் பரவாயில்லை.

பிராந்திடமும் காகத்திடமும் இருந்து எப்படிக் காப்பது?

முதல் இரண்டு கிழமை தாயைக் கரப்புக்குள் விட்டு, குஞ்சுகள் மட்டும் இடைவெளியால் போய்வர விடலாம். தாய் கூப்பிட்டதும் உள்ளே ஓடும். ஆனால் காகம் கரப்புக்குப் பக்கத்திலேயே நின்று தூக்கும், ஆகவே ஆள் இல்லாத நேரம் எல்லாவற்றையும் வலைபோட்ட கூட்டில் அடையுங்கள். இரவில் கூட்டின் அடிப்பக்கமும் கம்பிவலையாக இருக்க வேண்டும். கீரியும் பெருச்சாளியும் மண்ணைத் தோண்டித்தான் வரும், சாரைப்பாம்பு ஒரு அங்குல இடைவெளியாலும் நுழையும்.

தடுப்பூசி எப்போது? தாயிடமிருந்து எப்போது பிரிப்பது?

ராணிக்கெற் என்ற வெள்ளைக்கழிச்சல் ஒரு வளவையே வெறுமையாக்கிவிடும். அதற்குக் கண்ணில் விடும் தடுப்பு மருந்தை முதல் கிழமை முடிவில் தொடங்குவார்கள், பிறகு திரும்பக் கொடுக்க வேண்டும். நுளம்பு பெருகும் மாரிக்கு முன் அம்மைத் தடுப்பும் வேண்டும். மருந்துக் குப்பி ஒன்றில் பல கோழிக்கான அளவு இருக்கும், கலக்கிய பிறகு வைத்திருக்க முடியாது. ஆகவே பக்கத்து வீட்டாரோடு நாள் பேசி ஒரே நாளில் போடுங்கள். குப்பியைப் பனிக்கட்டியோடு கொண்டுவர வேண்டும்.

தாய் தானாக எட்டுக் கிழமையளவில் குஞ்சுகளைக் கொத்தி விரட்டும். முட்டை சீக்கிரம் வேண்டுமென்றால், குஞ்சுகளுக்கு முதுகு இறகு மூடிய பிறகு, ஐந்தாம் ஆறாம் கிழமையில் பிரிக்கலாம். தாயைத்தான் வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், குஞ்சுகளைப் பழகிய கூட்டிலேயே விடுங்கள். முதல் மூன்று இரவு அவை மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெரியும். அந்த மூலையில் சாக்கைச் சுருட்டி வைத்து வளைவாக அடைத்துவிடுங்கள்.